பிறந்த ஊர்: மலாக்கா

அன்று காலை பள்ளிக்கூட வாசலில் வரிசையாக நின்ற ஆண்களில் பலர் இஸ்திரி போட்ட சட்டை அணிந்திருந்தார்கள். இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். கரி கிடைக்காத காலம். தேங்காய்ச் சிரட்டையை எரித்து, அந்தத் தணலைப் பெட்டியில் போட்டுத் தேய்த்திருப்பார்கள். ஒட்டுப்போட்ட சட்டைகள்தான். ஆனாலும் மடிப்பு நேராக இருந்தது. அரசாங்கத்தார் கூப்பிட்டிருக்கிறார்கள், சீட்டில் புது முத்திரை குத்தித் தரப்போகிறார்கள், முறையாகப் போவோம் என்று வந்தவர்கள்.

உச்சிப்பொழுதுக்குள் அவர்களில் இருபத்தேழு பேரை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார்கள். யார் யாரைப் பூட்டவேண்டும் என்று ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளில் சிவப்பு வட்டம் போட்டவள் நான்.

இத்தனை வாரமும் இந்தப் பத்தியில் ஜப்பான்காரன் காலத்து மரவள்ளிக் கிழங்கையும், சாக்குத் துணியில் தைத்த சட்டையையும், தோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த கடிகாரத்தையும் பற்றி எழுதி வந்தேன். படித்தவர்கள் சிரித்ததாகச் சொன்னார்கள். என் மகள் மட்டும் ஒரு கேள்வி கேட்டாள்: "ஜப்பான்காரன் ஆபீஸ்ல வேலை பார்த்தேன்னு ஒரு வரி எழுதியிருக்கியே, அங்க என்னம்மா வேலை?"

அவளுக்கும் நான் சொன்னதில்லை. இந்த வாரம் எழுதிவிடுகிறேன்.

அரிசி தந்த வேலை

காஜா பெராங் என்றால் மலாயில் வெறிகொண்ட யானை என்று அர்த்தம். பேரில்தான் கோபம். நான் கல்யாணமாகி அங்கே வந்தபோது அவ்வளவு சாதுவான தெருக்கள் மலாக்காவில் வேறு இல்லை. எங்கள் வீட்டுக்குப் பின்னால் செட்டிகளின் கம்பம், அதாவது குடியிருப்பு. பல தலைமுறைக்கு முன்பே வியாபாரத்துக்கு வந்து, இந்த மண்ணிலேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்டவர்கள். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், திருநீறு பூசுவார்கள். பேச்சு மட்டும் மலாய். நடுநடுவே ஒரு தமிழ்ச் சொல் விழும்.

நான் அதற்கு முன் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. சண்டை வந்ததும் பள்ளியை மூடிவிட்டார்கள். என் கணவர் கோவிந்தசாமி தண்ணீர்க் குழாய் பொருத்துகிற வேலை பார்த்தவர். அந்த வேலையும் வாரத்தில் இரண்டு நாளாகக் குறைந்தது. அப்போதுதான் மூடிக் கிடந்த எங்கள் பள்ளிக்கூடத்திலேயே குடிப்பதிவு ஆபீஸ் திறந்தார்கள். தமிழ், மலாய் இரண்டும் எழுதத் தெரிந்தவர்கள் தேவை, ஜப்பானிய எழுத்து கற்றுக்கொண்டால் நல்லது என்றார்கள். மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டேன்.

சம்பளமாகத் தந்த, ஜப்பான்காரன் அச்சடித்த வாழைமர நோட்டுக்கு ஒன்றும் வாங்க முடியாது. ஆனால் ஆபீஸ் ஆட்களுக்கு மாதம் ஒரு சின்னப் பை அரிசி தனியாகக் கொடுத்தார்கள். அந்தப் பைக்காகத்தான் போனேன். வேறு காரணம் சொன்னால் பொய்.

அந்த ஆபீஸ் கொடுத்ததுதான் குடியிருப்புச் சீட்டு. அது கையில் இல்லாவிட்டால் பங்கீட்டுக் கடையில் நிற்க முடியாது. பாலத்தடியில் காவல் நிற்கும் சிப்பாய்க்கு முன்னால் குனிந்து வணங்கிவிட்டு நடக்கும்போது அவன் சீட்டைக் கேட்பான். இல்லை என்றால் அடி. ஆகவே எல்லோரும் வந்து பதிந்தார்கள். வீட்டு எண், பெயர், வயது, தொழில், பிறந்த ஊர், தகப்பன் பிறந்த ஊர். பெயரை மட்டும் ஜப்பானிய எழுத்திலும் எழுதுவோம். மற்றதையெல்லாம் தமிழில் எழுதினேன். தாள் பஞ்சம், ஆள் பஞ்சம். பிறகு மாற்றி எழுதலாம் என்று விட்டிருந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பின்வீட்டு மீனாச்சி அக்கா, செட்டிக் கம்பத்துப் பெண், குடும்பத்தோடு பதிய வந்தபோது அவர் கணவர் கதிர்வேலுப் பிள்ளையின் முறை வந்தது. பிறந்த ஊர் எது என்று கேட்டேன். மீனாச்சி அக்கா சிரித்துக்கொண்டே மலாயில் கதை சொன்னார். அவர் மாமியார் நிறைமாதத்தில் தங்கையைப் பார்க்க மூவாருக்குப் போனாராம். போன இடத்தில் வலி எடுத்துவிட்டதாம். நாற்பதாவது நாள் பிள்ளையோடு மலாக்காவுக்குத் திரும்பிவிட்டாராம்.

"நாற்பது நாள்தான். மலாக்கா என்றே எழுது" என்றார்.

"அப்படி எழுதக்கூடாது அக்கா. பிறந்தது எங்கேயோ அதைத்தான் எழுதணும்" என்றேன், நானும் சிரித்தபடி. எழுதினேன்: மூவார். மூவார் ஜொகூரில் இருக்கிறது. அந்தக் குடும்பம் வெள்ளைக்காரனுக்கும் முந்தி மலாக்காவுக்கு வந்தது என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் விதி விதிதான் என்று, வகுப்பில் பிள்ளைகளின் கணக்கைத் திருத்துகிற மாதிரி எழுதினேன்.

சிவப்பு மை

பதிவு அதிகாரி ஜப்பான்காரர். மூக்குக்கண்ணாடி போட்டவர், மலாய் சுத்தமாகப் பேசுவார். சத்தம் போட்டுத் திட்டி நான் கேட்டதில்லை. அதனாலேயே அவர் பக்கத்தில் வந்தால் எழுதியதை இரண்டு தடவை சரிபார்ப்பேன். எங்களுக்கு மேலே பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சிவக்கொழுந்து இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே கிராணி. வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானைக்கூடக் கழற்றமாட்டார்.

ஒரு நாள் பிற்பகல் பெரிய கிராணி ஒரு கட்டுத் தாளையும் சிவப்பு மைக்கூட்டையும் என் மேசையில் வைத்தார். "பதினெட்டிலயிருந்து நாற்பத்தஞ்சு வயசு வரைக்கும் உள்ள ஆம்பிளையள். பிறந்த ஊர் மலாக்கா இல்லாத ஆக்களின்ரை பேருக்கு வட்டம் போடு" என்றார்.

"எதுக்கு ஐயா?"

"கேட்டு என்ன செய்யப்போறாய் பிள்ளை?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாது என்று இப்போது எழுதினால் யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் பாதி தெரியும். புக்கிட் ரம்பாய் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் லாரி வந்து ஆள் ஏற்றிப் போனதை எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறார்களாம், மூன்று மாதத்தில் திரும்பலாமாம். போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி நான் பார்க்கவில்லை.

வட்டம் போட ஆரம்பித்தேன். அந்த மையில் ஒரு புளித்த வாடை இருந்தது. நிப்பு கீறலாக எழுதியது. கதிர்வேலுப் பிள்ளையின் பெயர் வந்தது. பிறந்த ஊர் மூவார். என் கையெழுத்து. போட்டேன். நாலைந்து பெயர் தள்ளி என் வீட்டு எண் வந்தது.

கோவிந்தசாமி. பிறந்த ஊர், தம்பின் தோட்டம்.

தம்பின் மலாக்கா எல்லையைத் தாண்டி இருக்கிறது. நிப்பு தாளுக்கு மேலே நின்றது. ஒரு சொட்டு விழுந்துவிடுமோ என்று கையை விலக்கினேன். பிறகு பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

நிமிர்ந்தால் எதிர் மேசையில் பெரிய கிராணி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். திரும்பவும் மாட்டிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தார்.

முத்திரை நாள்

பழைய சீட்டு செல்லாது, புது முத்திரை குத்த எல்லா ஆண்களும் வரவேண்டும் என்று அறிவித்தார்கள். வராதவர் வீட்டுக்குப் பங்கீடு இல்லை. நான் முதலில் சொன்னேனே, அந்த இஸ்திரிச் சட்டைகள், அது அந்த நாள்தான்.

என் மேசைக்கு வருவார்கள். நான் சீட்டு எண்ணை உரக்கச் சொல்வேன். பெரிய கிராணி தாளைப் பார்ப்பார். வட்டம் இல்லையென்றால் ஊதா முத்திரை, வெளியே போகலாம். வட்டம் இருந்தால், "உள்ளே போங்கோ, படம் எடுக்கவேணும்" என்பார். உள்ளே என்பது பெரிய வகுப்பறை. படம் எடுக்கிறவர் யாரும் அங்கே இல்லை.

கதிர்வேலுப் பிள்ளை என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, தலைமயிரை ஒரு தடவை கையால் படியத் தடவிக்கொண்டு உள்ளே போனார். படத்துக்காக.

என் கணவருக்கு முத்திரை விழுந்தது. நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அவர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கதிர்வேலு உள்ள போனாரு. அப்புறம் ஆளக் காணோம். ஜன்னலுக்குப் பலக அடிச்சிட்டாங்க" என்றார். "வெளியூர்ல பொறந்தவங்களத்தான் புடிச்சாங்களாம். அவரு மூவார்ல பொறந்தவரு. நான் தம்பின். என்னை மட்டும் எப்படிப் போகச் சொன்னாங்க?"

நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாக்கியம், உன்னைத்தான் கேக்குறேன்."

"உங்க பேருக்கு நான் வட்டம் போடல."

அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மத்தவங்களுக்கெல்லாம் போட்டியா?" என்று மட்டும் கேட்டார். சீட்டை மேசையில் வைத்துவிட்டு எழுந்து பின்பக்கம் போய் நின்றார். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்காகத்தானே என்று கத்த வேண்டும்போல இருந்தது. கத்தவில்லை.

அப்போது மீனாச்சி அக்கா வந்தார். உள்ளே வரவில்லை. வேலியருகே நின்றுகொண்டு மலாயில் கேட்டார்: "என் புருஷனை எங்கே கொண்டுபோகப் போகிறார்கள்?"

"எனக்குத் தெரியாது அக்கா."

"நாற்பது நாள் என்று உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். சிரித்துக்கொண்டேதான் எழுதினாய்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சீட்டுக் குவியல்

மறுநாள் காலை நான் ஆபீசுக்குப் போனபோது பள்ளி வாசலில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. முதலில் இருபது முப்பது பெண்கள். அவர்களுக்கு நடுவில் மீனாச்சி அக்கா, கோயிலுக்குப் போவதுபோலச் சுத்தமான கெபாயா போட்டுக்கொண்டு, மடியில் பழைய பத்திரங்களை வைத்துக்கொண்டு இருந்தார். கம்பத்து நிலப் பத்திரம், மாமனாரின் திருமணப் பதிவு, எல்லாம். வெயில் ஏற ஏறக் கூட்டமும் ஏறியது. பெண்டஹாரா சாலையில் துணிக்கடை வைத்திருந்த ஒரு தமிழ் முஸ்லிம் பெரியவர் கடையைச் சாத்திவிட்டுத் தன் ஆட்களோடு வந்தார். அவர் கடையில் மூட்டை தூக்குகிறவர் உள்ளே இருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு சீனத்தி தனியாக நின்றாள். அவள் மகனை ஜப்பான்காரன் வந்த முதல் மாதத்திலேயே கொண்டுபோனார்கள். மத்தியானம் வரை அங்கேயே நின்றாள்.

அந்தக் காலத்தில் நாலு பேர் சேர்ந்து நின்றாலே பயம். ஆள் காட்டிக் கொடுப்பவன் எங்கேயும் இருப்பான். தலையைக் குனிந்து நடந்து பழகிய ஜனங்கள் அவர்கள். அவர்களைக் கிளப்பிவிட்டது எது என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஆளைப் பிடித்தது மட்டுமில்லை. சீட்டு வாங்க வா என்று கூப்பிட்டு, வந்தவனைப் பிடித்தது.

"திருட்டுத்தனமா வந்தானா என் மவன்?" என்று ஒரு அம்மா கத்தினாள். "நீ கூப்பிட்ட, அவன் வந்தான்! குளிச்சிட்டு வந்தான்டா!"

யார் முதலில் செய்தது என்று தெரியவில்லை. ஒரு பெண் தன் சீட்டை எடுத்து, காவல் நின்ற சிப்பாயின் காலடியில் போட்டாள். அடுத்தவள் போட்டாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை. சீட்டில்லாமல் அவர்கள் நாளைக்குக் கிழங்குகூட வாங்க முடியாது. இருந்தும் போட்டார்கள். நான் ஒவ்வொன்றாக எழுதிய சீட்டுகள். சிப்பாய் குவியலை எட்டி உதைத்தான். தாள்கள் பறந்து விழுந்தன. துப்பாக்கிக் கட்டையால் ஒருத்தியின் தோளில் இடித்தான். அவள் விழுந்தாள், எழுந்தாள், அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

உள்ளே அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். அன்று மாலை சிங்கப்பூரிலிருந்து மேலதிகாரிகள் மலாக்காவுக்கு வருவதாக இருந்தது. லாரி இன்னும் வரவில்லை. வாசலில் இருநூறு பேர். சுட்டால் சத்தம் ஊரெல்லாம் கேட்கும். அவர் கண்ணாடிக்குள் வியர்வை இறங்குவதை நான் பார்த்தேன். அதுவரை அவருக்கும் பயம் உண்டு என்று எனக்குத் தெரியாது.

அவர் வெளியே போனார். நானும் பெரிய கிராணியும் பின்னால் போனோம்.

"வெளியூர்க்காரர்களை வேலைக்கு அனுப்புகிறோம். மலாக்காவில் பிறந்த யாரையும் தொடவில்லை. பதிவில் இருப்பதுதான் முடிவு" என்றார் மலாயில்.

மீனாச்சி அக்கா எழுந்து நின்றார். "அப்படியானால் பதிவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எங்கள் காது கேட்க வாசிக்கச் சொல்லுங்கள்."

அவர் புருஷன் பெயருக்கு நேரே மூவார் என்று எழுதியிருப்பது அவருக்குத் தெரியும்.

அதிகாரி யோசித்தார். தாள் பேசினால் கூட்டம் அடங்கும் என்று நினைத்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து விரலை அசைத்தார். பதிவேட்டை எடுத்துவந்தேன். மீனாச்சி அக்கா என் கண்ணைப் பார்த்தார். அவருக்குத் தெரிந்த கொஞ்சம் தமிழில், அதிகாரிக்குப் புரியாத பாஷையில் சொன்னார்:

"பாக்கியம். நல்லா வாசி."

வாசித்தேன்

பதிவேட்டைத் திறந்ததும் எழுத்தெல்லாம் ஓடியது. அதிகாரிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பெரிய கிராணிக்குத் தெரியும். அவர் என் இடது பக்கம், தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

"துவான், ஒரு தவறு நடந்துவிட்டது" என்றேன் மலாயில். "வட்டம் போட்டது நான்தான். பிறந்த ஊர் என்ற வரிசையைப் பார்ப்பதற்குப் பதிலாக, தகப்பன் பிறந்த ஊரைப் பார்த்துப் போட்டுவிட்டேன்."

அதிகாரியின் அறை கன்னத்தில் விழுந்தது. இடது காது ஒரு நிமிஷம் அடைத்துக்கொண்டது. கூட்டத்தில் யாரோ 'ஐயோ' என்றார்கள். "வாசி" என்றார் அதிகாரி. வட்டம் போட்ட தாளைத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

"கதிர்வேலுப் பிள்ளை" என்றேன். "பிறந்த ஊர், மலாக்கா."

பெரிய கிராணி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. அதிகாரி தாளில் அந்தப் பெயரை அடித்தார். உள்ளேயிருந்து கதிர்வேலுப் பிள்ளையைக் கூட்டி வந்தார்கள். மீனாச்சி அக்கா அழவில்லை. புருஷனின் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த பெயர். பிறந்த ஊர், மலாக்கா. அடுத்தது. பதிவேட்டில் சிரம்பான் என்றிருக்கும், கிம்மாஸ் என்றிருக்கும், சேலம் என்றிருக்கும். நான் மலாக்கா என்று வாசித்தேன். வரிசைப்படி வாசிக்கவில்லை. எதிரே யார் முகம் தெரிந்ததோ, அவர்கள் வீட்டு ஆளின் பெயரைத் தேடித் தேடி வாசித்தேன். அழுகிற அம்மாவின் மகன். கைப்பிள்ளையோடு நின்றவளின் புருஷன். துணிக்கடை ஆள். ஒவ்வொருவராக வெளியே வர, கூட்டத்தில் ஒரு சத்தம் எழும்பும்.

பதினாறாவது பெயர் முடிந்ததும் அதிகாரி கையை உயர்த்தினார்.

"எல்லாருமே மலாக்காவா?"

நான் பதிவேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் பெரிய கிராணியின் பக்கம் திரும்பினார். பதிவேட்டை அவர் கையில் கொடுக்கச் சொன்னால் நான் அங்கேயே முடிந்தேன். என்னோடு என் கணவரும்.

பெரிய கிராணி தொண்டையைச் செருமினார். "இல்லை, துவான். மலாக்காக்காரர் முடிஞ்சுபோச்சு. மிச்சப் பேர் வெளியூர்க்காரர்தான்" என்றார் மலாயில். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில்: "இனி உள்ளதை வாசி, பிள்ளை. இல்லாட்டி போன பதினாறும் திரும்ப உள்ள போகும்."

மிச்சம் பதினொரு பெயர். செங்கல் சூளைக்குப் பின்னால் ஒரு கொங்சி இருந்தது. வேலை தேடி வந்தவர்கள் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து தங்கும் நீளக் கொட்டகை. அந்தப் பதினொருவரும் அங்கே இருந்தவர்கள். கூட்டத்தில் அவர்களுக்கென்று ஒரு முகம் இல்லை. நான் நிமிர்ந்து பார்த்தேன், உண்மையாகவே பார்த்தேன். யாரும் இல்லை. குடும்பம் இல்லாதவர்கள், திரும்பி வந்தால் காத்திருக்க ஆள் இல்லாதவர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"சின்னையா. பிறந்த ஊர், நாமக்கல்" என்று வாசித்தேன். "முனியாண்டி. பிறந்த ஊர், சிகாமட்." பதினொன்றையும் உள்ளபடி வாசித்தேன்.

ஒருவரும் கத்தவில்லை. காலையிலிருந்து சிப்பாயின் துப்பாக்கிக்கு முன்னால் அசையாமல் இருந்த ஜனங்கள், தங்கள் ஆளைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு, குனிந்து தங்கள் தங்கள் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு நடந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என் ஆள் வீட்டில் இருந்தார். மீனாச்சி அக்கா மட்டும் வாசலில் நின்று, "மற்றவர்கள்?" என்று கேட்டார். கதிர்வேலுப் பிள்ளை அவர் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

மூன்று மணிக்கு லாரி வந்தது. நான் ஆபீஸ் ஜன்னலைச் சாத்தப் போனேன். பெரிய கிராணி, "திறந்தே கிடக்கட்டும்" என்றார். அவர் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. மறுவாரம் அவர் வேலைக்கு வரவில்லை. உடம்புக்கு முடியவில்லை என்றார்கள். நான் அதற்குப் பிறகும் ஏழு மாதம் அந்த ஆபீசில் இருந்தேன். அரிசி வாங்கினேன்.

திரும்பி வந்தவர்

சண்டை முடிந்து பள்ளி மறுபடியும் பள்ளியாயிற்று. நான் மூன்றாம் வகுப்புக்கு ஆசிரியை. ஒரு நாள் பாடம் விட்ட நேரத்தில் வாசலில் ஒருவர் வந்து நின்றார். முழங்காலுக்குக் கீழே இரண்டு காலிலும் ஆறிய புண்ணின் தழும்பு. தோல் பளபளவென்று சுருங்கி இருந்தது.

"டீச்சர், நான் சின்னையா" என்றார். "கொங்சியில இருந்தேன்."

உட்காரச் சொன்னேன். பிள்ளைகளின் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார். எத்தனையோ நாள் மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் எனக்கு வந்தன. "உங்க பேரை வாசிச்சது நான்தான்."

"தெரியும். பலகை இடுக்குல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். கதிர்வேலு என்னோட உள்ள இருந்தாரு, மூவார்ல பொறந்த கதைய எங்ககிட்டயும் சொன்னாரு. நீங்க மலாக்கான்னு வாசிச்சதுமே புரிஞ்சிபோச்சு. சத்தம் போடாதீங்கடான்னு நான்தான் எல்லாரையும் அடக்குனேன். நம்ம பேரும் வரும்னு சொன்னேன்." தன் விரல்களை மடக்கிக் காட்டினார். "ஒவ்வொரு பேரா எண்ணிக்கிட்டே இருந்தேன். பதினாறுல நின்னிடுச்சி."

மன்னிப்புக் கேட்டேனா என்று நினைவில்லை. கேட்டிருந்தாலும் அவர் அதற்கு நின்றிருக்கமாட்டார். அவர் வந்த வேலை வேறு.

"பதினோரு பேர்ல ரெண்டு பேருதான் திரும்பினோம். மத்தவங்க வீட்டுக்குச் சொல்லணும். எனக்கு அவங்க ஊரெல்லாம் தெரியும், அங்க சயாம்ல சொல்லிக்கிட்டே இருப்பானுங்க. எழுத வராது. நீங்க எழுதித் தாங்க."

நான்கு நாள் சாயங்காலம் அந்த வகுப்பறையில் உட்கார்ந்து எழுதினோம். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இன்னார் இன்ன இடத்தில் காய்ச்சலில் போனார், எரித்தோம். இன்னார் ஆற்றோரம். சேலத்துக்கு, நாமக்கல்லுக்கு, சிரம்பானுக்கு, பத்து காஜாவுக்கு. ஒன்பது பேருக்கு எட்டுக் கடிதம்.

"ஒண்ணு குறையுதே" என்றேன்.

"முனியாண்டிக்கு லெட்டர் வேணாம். கிட்டதான் இருக்கு. நேர்ல போயிடலாம்."

"சிகாமட்டா கிட்ட?"

"அது அவன் பொறந்த ஊரு. பொண்டாட்டி பிள்ளைங்க புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்துல. அங்க தோட்டத்துல அரிசி கொடுக்கலன்னு இவன் டவுனுக்கு வந்து வேலை தேடிக்கிட்டு இருந்தான். சனிக்கிழமையானா கெழங்கு தூக்கிக்கிட்டு நடந்து போவான்."

பதிவேட்டில் அதற்கு ஒரு வரிசை இருக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போனோம். என் கணவர் சைக்கிளில் சின்னையாவை ஏற்றிக்கொண்டார். நான் இன்னொரு சைக்கிளில் பின்னால் போனேன். லயம் என்ற தோட்டத்து வீட்டு வரிசையில் கடைசி வீடு. அவள் பெயர் அஞ்சலை. ரப்பர்ப் பால் வாளியைக் கவிழ்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகள். மூத்தவள் எங்களைப் பார்த்ததும் உள்ளேயிருந்து ஒரு பெஞ்சைத் தூக்கிவந்து போட்டாள்.

சின்னையா சொன்னார். அவள் கேட்டாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள், பிறகு எடுத்தாள். பிள்ளைகள் அவளைச் சுற்றி வந்து நின்றன. நானும் என் பங்கைச் சொன்னேன். பள்ளி வாசல், கூட்டம், பதிவேடு, பதினாறு பெயர். என்னைத் திட்டுவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"அத்தினி பொம்பளைங்க வந்து உக்காந்தாங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அவங்கவங்க ஆள விட்டாங்களா?"

"விட்டாங்க."

"இவரு பேர வாசிக்கிறப்ப யாரும் ஒண்ணும் கேக்கலியா?"

"இல்லம்மா. அவருக்கு யாருமே இல்லைன்னு நினைச்சிட்டேன்."

அவள் தோட்டத்துச் செம்மண் பாதையைப் பார்த்தாள். டவுனுக்குப் போகும் பாதை. நாங்கள் அப்போதுதான் வந்த பாதை.

"நடந்தா ரெண்டு மணி நேரம் டீச்சர்" என்றாள். "யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிவுட்டிருந்தா, புள்ளைங்கள தூக்கிக்கிட்டு வந்திருப்பேன். நானும் அங்க உக்காந்திருப்பேன்."